டிஷ்ஷைக் கழற்றினால் போதுமா?

(விழுப்புரம், திண்டிவனம் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



1991 வளைகுடாப் போரை சி.என்.என். காட்டியபோதுதான் செயற்கைக்கோள் டி.வி. நம் நாட்டில் பேசப்பட்டது. அதே ஆண்டு ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டி.வி. வந்தது. 1993இல் அதன் பெரும்பங்கை ரூபர்ட் மர்டாக் வாங்கினார். 'அந்நியக் கலாச்சாரம் நுழைகிறது' என்று அன்று மேடைதோறும் முழங்கினோம்.

ஆனால் நடந்தது என்ன? 2000இல் ஸ்டார் பிளஸில் 'க்யோங்கி ஸாஸ் பீ கபீ பஹூ தீ' என்ற மாமியார் மருமகள் தொடர் தொடங்கியது. காபூலின் டோலோ டி.வி. அதை ஆப்கானியரின் பாரசீகமான தாரி மொழியில் பேச வைத்தது. ஆப்கானியர் அதில் மூழ்கினர். 2008இல் இந்தியத் தொடர்களை நிறுத்தும்படி அரசு உத்தரவிட்டது; டோலோ பணியவில்லை. ஆக, அவர்களுக்கு அந்நியக் கலாச்சாரம் நம் நாட்டிலிருந்து போனது!

2009இல் டோலோவை நடத்தும் மோபி குழுமமும் மர்டாக்கின் நிறுவனமும் சேர்ந்து துபாயிலிருந்து 'ஃபார்ஸி 1' தொடங்கின. கொரிய, லத்தீன் அமெரிக்கத் தொடர்கள் பாரசீகம் பேசின. ஈரானில் 1995 முதலே டிஷ்ஷுக்குத் தடை. போலீசார் மாடியேறிக் கழற்றினர். மக்கள் மீண்டும் மாட்டினர்.

தடை ஏன் தோற்றது? சிந்தியுங்கள். வேற்றுமொழியில் இருந்தவரை அது வேடிக்கை. தாய்மொழியில் குடும்பக் கதை சொன்னபோது வீட்டு உறுப்பினராகிவிட்டது. அதற்கு ஈடாக மக்கள் விரும்பிப் பார்க்கும் ஒன்றைக் கொடுக்காமல், இருப்பதைப் பிடுங்கினால் யார் கேட்பார்கள்?

நம் நிலை என்ன? 2006இல் இலவச கலர் டி.வி. திட்டம் வந்தது. 2011இல் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தது. இன்று கொரியத் தொடரும் துருக்கித் தொடரும் பிள்ளைகளின் செல்போனிலேயே ஓடுகின்றன. கழற்றுவதற்கு மாடியில் டிஷ்கூட இல்லை!

வியாபாரப் பெருமக்களே! இரவு கடை சாத்திவிட்டு வீடு திரும்பும்போது பிள்ளைகள் உறங்கிவிடுகிறார்கள். அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? வாரத்தில் ஓரிரவாவது சீக்கிரம் போங்கள். கூடவே உட்கார்ந்து பாருங்கள், பேசுங்கள். விளம்பரம் கொடுப்பவரும் நீங்கள்தான். எந்த நிகழ்ச்சிக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுங்கள்.

இளைஞர்களே! குறை சொல்வது எளிது. கேமரா, எடிட்டிங், வசனம் கற்றுக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் கதையை நாம் சொல்லாவிட்டால், அடுத்தவர் சொல்லும் கதைதான் நம் வீட்டில் ஓடும்.