பழைய மென்பொருள், புதிய இயங்குதளம்: தவணை சொல்வது யார்?

புதிய கணினி வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் கேள்விதான் இம்மாநாட்டின் பொருள்: இத்தனை நாள் பழகிய மென்பொருள் இதிலும் ஓடுமா? ‘ஓடும் சார்’ என்று கடைக்காரர் ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அறுபது ஆண்டுக் கணினி வரலாறு சொல்லும் பதில் கொஞ்சம் நீளம். பழையதை ஓடவைக்க யாரோ ஒருவர் உழைத்துக்கொண்டும் செலவழித்துக்கொண்டும் இருக்கும்வரை அது ஓடும். அவர் கையை விரிக்கும் நாளில் நின்றுபோகும். அந்த ஒருவர் யார், எந்தத் தேதிவரை பொறுப்பேற்றிருக்கிறார் என்பதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிப் பொறுப்பேற்ற நிறுவனங்களில் ஐபிஎம் முன்னோடி. 1964 ஏப்ரல் 7 அன்று அது சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதற்கு முன்பு அந்த நிறுவனத்தின் ஒரு கணினிக்கு எழுதிய நிரலை அதன் இன்னொரு வகைக் கணினியில் ஓட்ட முடியாது; பெரிய இயந்திரத்துக்கு மாறும்போதெல்லாம் நிரல்களைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. 360 வரிசையிலோ சிறியது, பெரியது எல்லாவற்றுக்கும் பொதுவான கட்டளைத் தொகுப்பு. கையில் 1401 கணினி வைத்திருந்தவர்களையும் ஐபிஎம் விட்டுவிடவில்லை. அந்தப் பழைய நிரல்களை அப்படியே ஓட்டும் வசதியைச் சில 360 மாடல்களுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது. அந்த வரிசையின் இன்றைய வாரிசான இசட் மெயின்ஃபிரேமில், 360 காலத்தில் எழுதிய பயன்பாட்டு நிரல்கள் இன்னும் ஓடக்கூடியவை. வாடிக்கையாளர்கள் அதற்காகப் பெருந்தொகை கொடுக்கிறார்கள், வாக்கும் காப்பாற்றப்படுகிறது.

மைக்ரோசாஃப்டின் கதை இன்னும் சுவையானது. விண்டோஸ் 3 காலத்துச் சிம்சிட்டி விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. வேலை முடிந்து விடுவித்துவிட்ட நினைவகப் பகுதியையே அது திரும்பப் படித்தது. அந்த விண்டோஸில் விடுவித்த இடம் உடனே வேறொன்றுக்குப் போகாததால் பிழை வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95 சோதனைப் பதிப்பில் விளையாட்டு விழுந்தது. தவறு விளையாட்டை எழுதியவருடையது. திருத்தம் செய்ததோ மைக்ரோசாஃப்ட். ஓடுவது சிம்சிட்டிதான் என்று கண்டுகொண்டால், நினைவகத்தை உடனே திரும்ப எடுத்துக்கொள்ளாமல் பொறுத்திருக்கும் தனி ஏற்பாடு ஒன்று விண்டோஸுக்குள் சேர்க்கப்பட்டது. மென்பொருள் எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஒரு விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நேற்றுவரை ஓடியது இன்று நின்றால், வாங்கியவர் திட்டுவது விளையாட்டை அல்ல, புதிய விண்டோஸை. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் பல ஆண்டுகளாக எழுதிவரும் குறிப்புகளில் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் நிறைந்து கிடக்கின்றன. 2001இல் வந்த எக்ஸ்பியில், பழைய விண்டோஸ் போல நடந்துகொள்ளச் சொல்லும் தெரிவு பயனர் கைக்கே வந்தது. 2007இல் வந்த விஸ்டா, நிரல்களின் கோப்புறைக்குள் யாரும் கண்டபடி எழுதக் கூடாது என்றது. பழைய நிரல்களுக்கோ தங்கள் அமைப்புகளை அங்கேயே எழுதிப் பழக்கம். எழுதியது போல அவற்றை நம்பவைத்து, கோப்பைப் பயனரின் கோப்புறைக்குத் திருப்பிவிட்டது விஸ்டா.

இத்தனை பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. 64-பிட் விண்டோஸ் 32-பிட் நிரல்களை ஓட்டும். 16-பிட் நிரல்களை ஓட்டாது. டாஸ் நிரல்களுக்காகப் பழைய சில்லுகளில் இருந்த ஒரு வசதி 64-பிட் நிலையில் கிடைப்பதில்லை. அந்த இடத்தை மென்பொருளால் நிரப்ப மைக்ரோசாஃப்ட் முன்வரவில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே கிடைக்கிறது. 32-பிட்டிலும் கிடைத்த கடைசிப் பதிப்பான விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. டாஸ் காலத்துக் கணக்கு நிரலை நேரடியாக விண்டோஸில் ஓட்டிவந்தவர்களுக்குத் தவணை அன்றோடு தீர்ந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1990களின் சில 32-பிட் நிரல்கள் தம்மளவில் ஓடக்கூடியவை. அவற்றை நிறுவும் நிரல் மட்டும் 16-பிட். நன்கு அறியப்பட்ட சில நிறுவும் நிரல்களுக்கு விண்டோஸே மாற்று வைத்திருக்கிறது. மற்றவை வாசலிலேயே நின்றுவிடும்.

நிரல் ஓடினாலும், கணினியோடு இணைத்த கருவியை இயக்கும் டிரைவர் ஓடாமல் போகலாம். 64-பிட் இயங்குதளத்துக்கு 64-பிட் டிரைவர்தான் வேண்டும். ஸ்கேனர் தயாரித்த நிறுவனம் அதை எழுதித் தராவிட்டால் நல்ல ஸ்கேனரும் மூலையில் கிடக்கும்.

ஆப்பிளின் வழி மைக்ரோசாஃப்டின் வழிக்கு நேர்மாறு. சில்லை மாற்றும், பழைய நிரல்களுக்கு ஒரு பாலம் கட்டும், சில ஆண்டுகளில் பாலத்தை இடித்துவிடும். 1994இல் பவர்பிசிக்கு மாறியபோது பழைய மோட்டரோலா நிரல்களுக்கு, பழைய சில்லைப் போல நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்னும் மென்பொருளைக் கொடுத்தது. பழைய மேக் நிரல்களுக்காக மேக் ஓஎஸ் எக்ஸில் வைத்த ‘கிளாசிக்’ வசதி 2007இல் நீங்கியது. 2006இல் இன்டெல் சில்லுகளோடு வந்த ரொசெட்டா என்னும் பாலம் 2011இல் போனது. 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் நிரல்கள் அனைத்துக்கும் கதவை மூடியது. காசு கொடுத்து வாங்கிய ஆஃபீஸ் 2011 அதில் திறக்கவில்லை. 2020இல் வந்த ரொசெட்டா 2க்கும் நாள் குறித்தாகிவிட்டது. மேக்ஓஎஸ் 27க்குப் பிறகு சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டுமே அதன் ஒரு பகுதி மிஞ்சும் என்று 2025இல் ஆப்பிள் அறிவித்தது. கடுமையான வழிதான். ஆனாலும் தேதியை முன்கூட்டிச் சொல்லும் நேர்மை இதில் உண்டு.

லினக்ஸ் மூன்றாவது வழி. இயங்குதளத்தின் மையமான கர்னலில் எந்த மாற்றம் செய்தாலும் பயனர் நிரல் உடையக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கண்டிப்பு. அதை மீறியவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கண்டிப்பு கர்னலோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே உள்ள நிரல் நூலகங்களை மாற்றுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆகவே மூலநிரல் இல்லாத பழைய லினக்ஸ் நிரல் இன்றைய கணினியில் தடுமாறக்கூடும். 1993இல் தொடங்கிய வைன் திட்டமோ 16-பிட் விண்டோஸ் நிரல்களையும் 64-பிட் லினக்ஸில் ஓட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் கைவிட்ட நிரல் சிலநேரம் லினக்ஸில் பிழைத்துக்கிடப்பது இப்படித்தான்.

எல்லா வாக்குகளும் தீர்ந்த பிறகு மிஞ்சுவது எமுலேட்டர். வேர்ட்ஸ்டார் எழுத்துச் செயலியின் கடைசி டாஸ் பதிப்புகளை வணிகம் எப்போதோ மறந்துவிட்டது. கனடிய நாவலாசிரியர் ராபர்ட் ஜே. சாயர் 2024இல் வேர்ட்ஸ்டார் 7ஐ அதன் கையேடுகளோடும் எமுலேட்டர்களோடும் தொகுத்து எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். அடோபி ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31இல் ஆதரவை இழந்தது. அதற்கு முன்பே இன்டர்நெட் ஆர்க்கைவ், ரஃபிள் என்னும் எமுலேட்டர் வழியாக ஃப்ளாஷ் விளையாட்டுகளையும் படங்களையும் உலாவியிலேயே ஓட்டத் தொடங்கியிருந்தது. பழையதை மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸின் ஓர்லி விமான நிலையம் சான்று. விமானிகளுக்கு வானிலைத் தகவல் தரும் அங்குள்ள அமைப்பு 2015 நவம்பரில் நின்றபோது விமானங்களும் நின்றன. அது ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 3.1இல்.

தமிழுக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. 1990களிலும் அதன் பின்னரும் நம் அச்சகங்களிலும் டிடிபி மையங்களிலும் எண்ணற்ற நூல்கள் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் உருவாயின. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். மேக் ஓஎஸ் எக்ஸில் அது கிளாசிக் வசதியை நம்பி மட்டுமே ஓடியது, அதனோடு போனது. பேஜ்மேக்கர் கோப்பை நேரடியாகத் திறந்த, அதன் வாரிசான இன்டிசைனின் கடைசிப் பதிப்பு 2012இல் வந்த சிஎஸ்6.

கோப்பைத் திறந்துவிட்டாலும் பாதி வேலைதான் முடிகிறது. அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்திருந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வைத்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் நாவலின் ஒரு பக்கம் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களையும், 2010இல் யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் குவிந்த கோப்புகளை யாரும் ஒருசேர மாற்றவில்லை. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கு இந்தச் சிக்கல் பெரிதாக வரவில்லை. அது பயன்படுத்திய திஸ்கி குறியேற்றம் பொதுவில் விவாதித்து வகுக்கப்பட்டது. எந்த எண் எந்த எழுத்து என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஆகவே அந்த நூல்களை யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. திஸ்கி காலத்துச் செயலிகள் போனாலும் நூல்கள் நின்றன.

இந்த அவையின் அமர்வுகள் மூன்று வேலைகளில் கருத்தைச் செலுத்துவது நல்லது. முதலாவது, பழைய தமிழ் எழுத்துருக்களின் குறியேற்ற அட்டவணைகளைத் திரட்டி ஒரே இடத்தில் பொதுவில் வைப்பது. இரண்டாவது, பதிப்பகங்களின் பழைய கணினிகள் உயிரோடிருக்கும்போதே அவற்றிலுள்ள நூல்களைப் பிடிஎஃப் ஆகவும் யூனிகோடு உரையாகவும் எடுத்துக்கொள்வது. மூன்றாவது, அரசு அலுவலகமோ பல்கலைக்கழகமோ மென்பொருள் வாங்கும்போது ஆதரவு எந்தத் தேதிவரை, தரவை வேறெதில் திறக்கலாம் என்ற இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது. இவற்றில் இரண்டாவது வேலை தள்ளிப்போடத் தக்கதல்ல. அந்தக் கணினிகளின் ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. பதிப்பாளர்களும் அச்சகத்தாரும் இந்த ஆண்டே அதைத் தொடங்க வேண்டும் என்பது இம்மாநாட்டுத் தலைமையின் வேண்டுகோள்.