பிரசங்க பீடமும் சைக்ளோஸ்டைல் மிஷினும்

(சபை இளைஞர்களும் உபதேசியார்களும் கலந்துகொண்ட பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



'சபையில் தலைமைத்துவம்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். இந்த வார்த்தையைக் கேட்டதும் நம்ம மனசுல என்ன படம் வருது? வெள்ளை அங்கி போட்ட ஒருத்தர் மேலே நிற்கிறார். நாம கீழே உட்கார்ந்திருக்கிறோம். அவர் பேசுறார், நாம ஆமென் சொல்றோம். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு விடுதலை பற்றிப் பேச முடியாது. அதனால் இன்னொரு நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் சபைகளை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று முதலில் சொல்கிறேன். அப்புறம் நம்ம தெருவுக்கு வருவோம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கமரி என்றொரு நகரம். பஸ்ஸில் முன்வரிசை வெள்ளையர்களுக்கு, பின்வரிசை கறுப்பின மக்களுக்கு. குடுக்கிற காசு ஒண்ணுதான், உட்கார்ற இடம் வேற. இது நமக்குப் புரியாத கொடுமையா என்ன? 1955 டிசம்பர் 1ஆம் தேதி ரோசா பார்க்ஸ் என்ற தையல் தொழிலாளி இடத்தை விட்டு எழுந்திருக்க மறுத்துக் கைதானார். உடனே மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் போதகர் வந்தார், பேசினார், மக்கள் திரண்டார்கள் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாதிக் கதையை விழுங்கிட்டாங்க.

கைது நடந்த அந்த ராத்திரி கிங்குக்கு விஷயமே தெரியாது. மறுநாள் காலையில்தான் அவருக்குப் போன் வந்தது. அதற்குள் வேலையை முடித்திருந்தவர் ஜோ ஆன் ராபின்சன். கல்லூரி ஆசிரியை, பெண்கள் அரசியல் கவுன்சிலின் தலைவி. பஸ் புறக்கணிப்பு வரும் என்று 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி எச்சரித்தவர். அன்று ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லூரிக்குப் போனார். சக ஆசிரியர் ஒருவரையும் மாணவர் இருவரையும் சேர்த்துக்கொண்டு, சைக்ளோஸ்டைல் மிஷினில் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை ஓட்டினார். இன்னொரு பெண் கைதாகிவிட்டாள், நாளை அது நீயாகவும் இருக்கலாம், திங்கட்கிழமை பஸ் ஏறாதே. விஷயம் அவ்வளவுதான். படிக்கிற பிள்ளை வீட்டில் வாசித்துக் காட்டினால் பாட்டிக்குப் புரிந்துவிடும். திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின.

தெளிவாகப் பேசுவது என்றால் இதுதான். யாருக்கு, எப்போது, என்ன செய்யணும்னு சொல்லணும். நம்ம சபையில அறிவிப்பு வாசிக்கிறாங்களே, எத்தனை பேருக்குப் புரியுது? 'மகா கனம் பொருந்திய' என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் விஷயம் செத்துப்போகிறது. புரியாத பாஷை சும்மா வர்றதில்ல தோழர்களே. கணக்கு கேட்கக் கூடாது என்கிறவர்களுக்கு அது வசதியான வேலி.

அன்று மாலை ஹோல்ட் ஸ்டிரீட் பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். அப்போது கிங்குக்கு வயது 26. நன்றாகப் பேசினார், சந்தேகமில்லை. ஆனால் பேச்சு மட்டும் ஒருத்தரையும் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. பஸ் இல்லாமல் ஒரு நகரமே வேலைக்குப் போகணும். 1953இல் பேட்டன் ரூஜ் நகரத்தில் இதே போராட்டம் நடத்தியவர்களிடம் வழி கேட்டார்கள். சுமார் 300 கார்கள் சேர்ந்தன. எந்த முனையில் ஏறுவது, எங்கே இறங்குவது என்று திட்டம் போட்டார்கள். சபைகளின் பெயரில் வண்டிகள் வாங்கி, பக்கவாட்டில் சபையின் பெயரையே எழுதினார்கள். 'உருளும் சபைகள்' என்று ஜனங்க பேர் வெச்சாங்க. காணிக்கைப் பணம் கட்டடமாகாமல் சக்கரமானது.

ஜார்ஜியா கில்மோர் என்றொரு சமையல்காரப் பெண் இருந்தார். கோர்ட்டில் சாட்சி சொன்னதால் வேலை போனது. பல பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழியும் கேக்கும் விற்று, வாராவாரம் கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து கொட்டினார். யார் கொடுத்தது என்று கேட்டால் 'எங்கிருந்தோ வந்தது' என்பார். பெயர் தெரிந்தால் மற்றவர்களின் வீட்டு வேலையும் போய்விடும்.

1956 ஜனவரியில் நகர நிர்வாகம் ஒரு தந்திரம் செய்தது. சமரசம் முடிந்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குப் பொய்ச்செய்தி கொடுத்தது. சனிக்கிழமை இரவே சேதி கசிந்தது. தலைவர்கள் என்ன செய்தார்கள்? மக்கள் குடித்துக்கொண்டிருந்த இடங்களுக்கே நேரில் போய், செய்தி பொய் என்று சொன்னார்கள். காலையில் ஒவ்வொரு ஆலயத்திலும் அறிவித்தார்கள். திங்கட்கிழமையும் பஸ் காலி. சாராயக் கடை வாசலுக்குப் போகக் கூச்சப்படாத போதகரால்தான் ஜனங்களிடம் போய்ச் சேர முடியும்.

வழக்கில் வென்றவர்கள் நான்கு பெண்கள். உச்சநீதிமன்றம் 1956 நவம்பரில் அவர்கள் பக்கம் நின்றது. திரும்பப் பஸ் ஏறுவதற்கு முன்னால் சபைகளில் நாற்காலிகளைப் பஸ் மாதிரி அடுக்கி ஒத்திகை பார்த்தார்கள். ஒருத்தர் டிரைவர், ஒருத்தர் அடிக்க வரும் வெள்ளைக்காரர். அடித்தால் எப்படித் தாங்குவது என்று பழகினார்கள். டிசம்பர் 21ஆம் தேதி பஸ் ஏறினார்கள். மொத்தம் 381 நாள். படைப்பாற்றல்னு தனியா ஒண்ணு கிடையாது தோழர்களே. இருக்கிற நாற்காலியை வேற மாதிரி போடத் தெரிஞ்சா போதும்.

அங்கேயும் எல்லாம் சரியில்லை. துண்டறிக்கை ஓட்டியது பெண்கள், மேடை போதகர்களுக்கு. பிறகு அந்த இயக்கத்துக்குள் வேலை செய்த எல்லா பேக்கர், ஒரே தலைவரை நம்பி நிற்பது ஆபத்து என்று எதிர்த்து வாதாடினார். 1960இல் மாணவர்கள் தங்களுக்கென்று தனி அமைப்பு கட்டத் துணை நின்றார்.

இப்போ நம்ம தெரு. தமிழ்நாட்டுச் சபைகளில் எண்ணிக்கையில் பெரும்பான்மை தலித்துகள். 'எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து ஊழியம் செய்யணும்' என்று அடிக்கடி கேட்கிறோம். பந்தல் போடுவது நாம, பாத்திரம் கழுவுவது நம்ம பொம்பளைங்க. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து யாருடையது? செத்த பிறகும் தனிக் கல்லறை வைத்திருக்கிற சபை உண்டு. முடிவெடுக்கிற இடத்தில் பங்கு தராத கூட்டுழைப்புக்குப் பேரு வெட்டி வேலை. அதைக் கேட்டால் ஒற்றுமையைக் கெடுக்கிறோம் என்கிறார்கள்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு இருந்தார். பறட்டை அண்ணன் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். 2005இல் மறைந்தார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் பேச்சுத் தமிழையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து தின்பதை இறையியலாகச் சொன்னவர். தீட்டு என்று வெளியே நிறுத்தின பறை பீடத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, யார் பாடலாம், யார் பேசலாம் என்ற சட்டமும் சேர்ந்தே ஆட்டம் கண்டது.

ஊருக்குத் திரும்பியதும் மூன்று காரியம் கேளுங்கள். வரவுசெலவை எல்லாருக்கும் புரிகிற தமிழில், எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லுங்கள். கமிட்டியில் சேரிப் பெண்கள் உட்காரணும், காபி கொடுக்க அல்ல, முடிவெடுக்க. கூட்டத்துக்கு முன்னாலேயே விஷயத்தை வீடு வீடாகச் சொல்லணும். மறுத்தால் நீங்களே ஒரு துண்டறிக்கை போடுங்கள். இப்போ மிஷின்கூட வேண்டாம், கையில் இருக்கிற போன் போதும்.

நான் நிறுத்திக்கிறேன். பின்வரிசையில உட்கார்ந்திருக்கிற அக்காமாரு முதல்ல பேசட்டும்.