சுருதியால் மாறும் சொல்



ஜெராம் கடைத்தெருவில் தமிழும் மலாயும் சீனமும் ஒருங்கே நம் காதில் விழுகின்றன. இவற்றுள் சீனத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. மாண்டரினில் 'மா' என்பதை உயர்ந்த சுருதியில் சமமாகச் சொன்னால் தாய். ஏற்றிச் சொன்னால் சணல். தாழ்த்தி எழுப்பினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுதல். சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும். தமிழில் 'வந்தான்' என்பதை எப்படிச் சொன்னாலும், கேள்வியா செய்தியா என்பது மட்டுமே மாறும்.

செவித்திறன் இழந்த குழந்தைகளுக்கு உட்காதில் பொருத்தப்படுவது காக்ளியர் கருவி. பல மின்முனைகள் கொண்ட இக்கருவியைப் பேராசிரியர் கிரேம் கிளார்க் 1978இல் மெல்பர்னில் பொருத்தினார். நம் நாட்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் இப்பணியைத் தொடங்கியது.

இயற்கையான உட்காதில் ஒலிச் செய்தியை மூளைக்கு அனுப்பும் மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 3,500. கருவியிலோ மின்முனைகள் பெரும்பாலும் 12 முதல் 22 வரைதான். ஒலியின் வலிமையும் கால அளவும் இவற்றின் வழியே நன்கு செல்லும். சுருதியைக் காட்டும் நுண்ணிய அதிர்வுகள் சரிவரச் செல்வதில்லை. ஆகவே 'பல்', 'பால்' என்னும் குறில் நெடில் வேறுபாட்டைக் குழந்தை எளிதில் பிடித்துக்கொள்ளும். சீனச் சொல்லின் ஏற்ற இறக்கத்தில்தான் தடுமாறும். தனித்துச் சொன்னால் குதிரையைக் குறிக்கும் 'மா' நீளும், திட்டுதலைக் குறிப்பது குறுகும். அதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். விரைந்த பேச்சில் அந்தத் துணையும் குறைந்துவிடும்.

இதற்கு வழி என்ன? சிறு வயதிலேயே கருவி பொருத்துவது முதல் வழி. மறு காதில் சிறிதளவு கேட்கும் திறன் எஞ்சியிருந்தால், அதில் சாதாரணச் செவிக்கருவியைத் தொடர்ந்து அணிவிப்பது இரண்டாவது. தாழ்ந்த அதிர்வுகள் அவ்வழியே வந்து சுருதியை உணர்த்தும். ஆகவே காக்ளியர் வந்துவிட்டதென்று பழைய கருவியைப் பெட்டியில் பூட்டிவிடாமல், செவிப்புல வல்லுநரைக் கேட்டு முடிவு செய்யவேண்டும். மூன்றாவது, இடைவிடாத பயிற்சி. ஒரே ஒலியை வெவ்வேறு சுருதியில், ஆண் குரலிலும் பெண் குரலிலும் கேட்கச் செய்து, பொருளுக்குரிய படத்தைக் காட்டச் சொல்லலாம்.

நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் சீனப் பள்ளிகளிலும் பயில்கின்றனர். கருவி அணிந்த பிள்ளை அங்கே ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால், அதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளலாகாது. ஆசிரியர் அச்சொல்லைச் சுருதிக் குறியோடு எழுதிக் காட்டி, ஒரு வாக்கியத்தில் அமைத்துச் சொன்னால் பொருள் விளங்கும். இதனைப் பள்ளி தொடங்கும் நாளிலேயே ஆசிரியரிடம் எடுத்துரைப்பது பெற்றோராகிய நம் கடமை.