ஊரையே வைத்தியசாலையாக்கிய டொக்டர் லம்போ

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சு)



பெரியார் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நம்மவர் பலருடைய பெயர்கள் என் நினைவுக்கு வந்தன. ஆயினும், நம்மிற் பலர் கேள்விப்பட்டிராத ஓர் ஆபிரிக்கரைப் பற்றியே பேசத் துணிந்தேன். அவர்தாம் நைஜீரியா நாட்டு மனோவைத்திய நிபுணர் டொக்டர் தோமஸ் அடியோயே லம்போ. அவரை ஏன் தெரிந்தெடுத்தேன் என்பதைப் பேச்சின் இறுதியிலே சொல்கிறேன்.

லம்போ 1923ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆந் திகதி அபெயோகூத்தா என்னும் நகரிலே, யொரூபா இனத்திற் பிறந்தவர். என்னைப் போலவே அவரும் ஒரு மிஷன் பாடசாலை மாணவர். பின்னர் கடல் கடந்து சென்று, இங்கிலாந்திலே பேர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்றார். படிக்குங் காலத்திலேயே, 1945இல், டைனா வயலற் அடம்ஸ் என்னும் பிரித்தானியப் பெண்மணியை மணந்தார். அவர்களுக்கு ஆண்மக்கள் மூவர். அதன்பின் இலண்டனிலே மனோவைத்தியத்திற் சிறப்புப் பயிற்சி பெற்றார். மேல்நாட்டு முறையிலே மனோவைத்தியம் கற்ற முதல் நைஜீரியர் அவரே.

விரும்பியிருந்தால் அவர் இங்கிலாந்திலேயே தங்கி வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ தாய்நாடு திரும்பினார். அங்கே அவர் கண்டதென்ன? மனநோயாளருக்கென்று குடியேற்ற அரசு அமைத்த இல்லங்கள் இருந்தன. லாகோஸ் நகரத்து யாபா இல்லம் 1907ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. ஆயினும், அவை நோயைத் தீர்க்கும் இடங்களாக அல்லாமல், நோயாளரைப் பூட்டிவைக்கும் இடங்களாகவே நெடுங்காலம் இருந்தன. உள்ளே போனவர் வீட்டை இழந்தார், ஊரை இழந்தார், ஈற்றில் தம்மையே இழந்தார்.

1954ஆம் ஆண்டு, அபெயோகூத்தாவை அடுத்த ஆரோ என்னும் இடத்தில் அமையவிருந்த புதிய வைத்தியசாலையின் பொறுப்பை லம்போ ஏற்றார். கட்டட வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. வேறொருவராயின் கட்டடம் முடியட்டும் என்று காத்திருப்பார். லம்போவோ அயற்கிராமங்களுக்கு நடந்தார். ஊர்ப் பெரியவர்களைக் கண்டார். "என் நோயாளருக்கு உங்கள் வீடுகளிலே அறை வாடகைக்குத் தருவீர்களா?" என்று கேட்டார். சபையோரே, சற்றுச் சிந்தியுங்கள். சித்தங் கலங்கியவர்களை வீட்டிலே குடிவைக்கும்படி ஓர் ஊரையே கேட்பது எத்துணைத் துணிவு! அந்த ஊரவர் சம்மதித்தார்கள்.

அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான். நோயாளி தனியே வரலாகாது. தாயோ, சகோதரியோ, சகோதரனோ, உறவினர் ஒருவராவது உடன்வந்து தங்கவேண்டும். உடன்வந்தவர் சமைத்துக் கொடுப்பார், துணி துவைப்பார், காலையிலே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வார். அங்கே மருந்துகளும் நவீன சிகிச்சைகளும் கொடுக்கப்பட்டன. பிற்பகலில் நோயாளர் கிராமத்துக்குத் திரும்பித் தோட்டவேலை செய்தார்கள். ஊர்க் கொண்டாட்டங்களிலே கலந்துகொண்டார்கள். கிராமத்தவரும் நன்மை பெற்றார்கள். வாடகை வந்தது; வீட்டைப் பெருப்பிக்கக் கடன் கிடைத்தது; குழாய்த் தண்ணீர், மலசலகூடம், நுளம்பு ஒழிப்பு என்பனவும் வந்துசேர்ந்தன.

இன்னுமொன்று செய்தார். நாட்டு வைத்தியர்களைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். இலண்டனிற் படித்தவர் இப்படிச் செய்யலாமா என்று முகஞ்சுழித்தோர் உண்டு. அவர் விஞ்ஞானத்தைக் கைவிட்டவரல்லர். நோயாளியின் அச்சமும் நம்பிக்கையும் எந்த மண்ணில் வேரூன்றியுள்ளன என்பதை அந்த மண்ணின் மனிதரே நன்கு அறிவர் என்று கண்டவர், அவ்வளவே.

அவருடைய முயற்சியை உலகம் கவனித்தது. 1961இல் ஆபிரிக்க மனோவைத்தியர்களின் முதல் மகாநாடு அபெயோகூத்தாவிலேயே கூடியது. யொரூபா மக்களின் மனநலம் பற்றி அமெரிக்க அறிஞர் அலெக்சாந்தர் லெயிற்றன் முதலியோருடன் சேர்ந்து அவர் செய்த ஆராய்ச்சி 1963இல் நூலாகியது. இபாதான் சர்வகலாசாலையிலே பேராசிரியராகி, 1968இல் அதன் உபவேந்தரானார். 1973 முதல் 1988 வரை உலக சுகாதார நிறுவனத்தின் பிரதிப் பணிப்பாளர் நாயகமாக விளங்கினார். 2004ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி காலமானார். அக்கிராம முறை அவர் காலத்திலிருந்தபடி பின்னர் நிலைக்கவில்லை. ஆயினும், குடும்பமும் ஊரும் மருந்தின் ஒரு பகுதி என்று அவர் காட்டிய உண்மை நிலைத்துவிட்டது.

இனி, அவரைத் தெரிந்தெடுத்த காரணத்தைச் சொல்கிறேன். என் தாயாரின் தமையனார், என் அம்மான், பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பின்னறையிலே இருந்தார். கலியாணம், சடங்கு என்று வீட்டிற்கு ஆட்கள் வரும் நாளில் அந்தக் கதவு சாத்தப்படும். "அம்மானுக்குக் காய்ச்சல்" என்று சொல்லும்படி எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். நானும் அப்படியே சொன்னேன். அவருக்கு வேளைக்கு உணவு கொடுத்தோம், அன்புங் கொடுத்தோம். ஆனால் நாலு பேர் முன்னே ஓர் இடங் கொடுக்கவில்லை. வீட்டாரைக் குறைசொல்ல நான் இங்கே வரவில்லை. அக்காவுக்குச் சம்பந்தம் பேசும் காலம் அது; ஊர் வாய்க்கு அவர்கள் அஞ்சினார்கள். அந்த ஊர் யார்? நாம்தாமே!

ஆரோவின் மக்கள் அந்நியரான நோயாளருக்குத் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்தார்கள். நாங்கள் சொந்த இரத்தத்திற்குக் கதவைச் சாத்தினோம். அம்மான் இன்று இல்லை. அவரிடம் நான் கேட்கவேண்டிய மன்னிப்பை இந்தச் சபையிலே கேட்கிறேன்.

சகோதரர்களே, நம் சங்கம் வைத்தியசாலை கட்ட வேண்டியதில்லை. சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவரைப் போய்ப் பார்ப்போம். கிளினிக்குக்குத் துணை தேவையானால் கூடச் செல்வோம். நம் வீட்டு விசேஷத்துக்கு அவரையும் பெயர் சொல்லி அழைப்போம். அதற்குப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம், சாத்திய கதவைத் திறக்கும் மனம் ஒன்றே போதும்.