போடிமெட்டுக்கு மிதிவண்டியில் ஒரு நாள்
(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர்கள் பதினொரு பேர் போடியிலிருந்து போடிமெட்டுக்கு மிதிவண்டியில் போய் வந்தோம். தூரத்தை விட ஏற்றம்தான் பெரிது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். உடற்கல்வி ஆசிரியரிடம் கியர் வண்டி இருந்தது. நான் எடுத்துப் போனது என் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் கிடைத்த விலையில்லா மிதிவண்டி. அந்த வண்டி பள்ளிக்கூடம் போவதற்காகச் செய்தது, மலையேற அல்ல என்பது ஏழாவது வளைவிலேயே தெரிந்துவிட்டது. இறங்கித் தள்ளினேன். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களை மிதிவண்டி ஓட்ட வைத்த 1990களின் தொடக்கத்தில் அங்கே ஓட்டக் கற்ற ஆசிரியை ஒருவர் எங்களோடு வந்திருந்தார். அவர் கடைசி வரை இறங்கவே இல்லை.

மேலே போனதும் குளிர்ந்த காற்று, ஏலக்காய்த் தோட்டம், கீழே பொம்மை ஊர் போலப் போடி. எல்லாம் அழகுதான். ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல.

விடியும் முன்பே கிளம்பி, மலையடிவாரத்தில் முந்தலில் தேநீருக்கு நின்றிருந்தோம். தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறிக்கொண்டிருந்தன. ஒன்று எங்கள் அருகே நின்றது. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவர் எட்டிப் பார்த்து, “சார், நீங்களா? சைக்கிள்லயா போறீக?” என்றார். என் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்.

“எம்பையன் எப்படி சார் படிக்கிறான்? வெள்ளன கெளம்பிருறேன், வீடு வந்து சேர இருட்டிப் போகுது. நோட்ட எடுத்துப் பாக்க நேரமே இல்ல. நீங்கதான் பாத்துக்கிறணும்.”

ஜீப் போய்விட்டது. தேநீர் எனக்கு இறங்கவில்லை. பெற்றோர் கையொப்பம் இல்லாத நோட்டோடு வந்தான் என்று அந்த வாரத்தில் இரண்டு நாள் அவனை நிற்க வைத்தவன் நான்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குத்த வைத்தோ பறிக்க வேண்டும். ஒரே சரத்தில் காய்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். போடியில் ஏலம் போகும் காயின் விலையைத் தினமும் பேசுகிற ஊர் நம்முடையது. அதைப் பறித்த கை வீடு திரும்பும் நேரத்தை, பதினைந்து ஆண்டுகளாக இங்கே வேலை பார்க்கும் நான் விசாரித்ததில்லை.

இறக்கத்தில் வேறு சிக்கல். பிரேக்கை விடாமல் பிடித்தே வந்ததில் ரப்பர் கருகிய வாடை. நிறுத்தி ரிம்மைத் தொட்டேன், விரல் சுட்டது. அதன்பின் விட்டு விட்டுப் பிடித்து, இரண்டு வளைவுக்கு ஒரு முறை நின்று ஆறவிட்டு இறங்கினோம். மாணவர்களை மலைப்பாதைக்கு அழைத்துப் போக நினைப்பவர்கள் முதலில் பிரேக் கட்டையைப் பாருங்கள். என் கருத்து, அந்த வண்டிகளில் முந்தலோடு திரும்பிவிடுவதே நல்லது.

திங்கட்கிழமை, கையொப்பத்தை வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை வாங்கினால் போதும் என்று வகுப்பில் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவனை மட்டும் தனியே அழைத்து, நிற்க வைத்தது என் தவறு என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு ஆற்றல் மாற்றம் பாடம். நானும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, ஆயிரம் மீட்டர் உயரம். நிலையாற்றல் எட்டு லட்சம் ஜூலுக்கு மேல் வந்தது. இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அதுவே போதும். “கீழே வந்து நின்றதும் அத்தனையும் எங்கே போனது?” என்று கேட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது. வாய் திறக்காத அந்தப் பையன் எழுந்தான்.

“பிரேக்குக்குப் போயிருக்கும் சார். ஜீப்பு எறங்கும்போது கருகுற நாத்தம் வரும்னு அம்மா சொல்லும்.”