வழி கேட்பவனும் வழித்துணையும்

அம்பூரி மலையோரமாக இறங்கிவரும் நெய்யாற்றின் கரையில் அருவிப்புரம் இருக்கிறது. 1888-இல் நாராயண குரு அங்கே சிவப் பிரதிஷ்டை செய்ததைப் பலரும் அறிவர். அவர் யோகம் பயின்றது திருவனந்தபுரத்துத் தைக்காட்டில், ஒரு தமிழரிடம் என்பதை அறிந்தோர் சிலரே. செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்து, தைக்காட்டு ரெசிடென்சியில் மேற்பார்வையாளராயிருந்த அய்யாவு சுவாமிகளே அவர். அலுவலும் குடும்பமும் உடைய இல்லறத்தார். சட்டம்பி சுவாமிகளும் அவரிடம் பயின்றவரே. ஒருவர் ஆராய்ச்சி நூல்கள் எழுதினார். மற்றவர் கோயிலும் பள்ளியும் நிறுவினார். குருவின் நகலாக எவரும் ஆகவில்லை.

இன்று வாழ்க்கைப் பயிற்சியாளர் என்று கட்டணம் பெற்று வழிகாட்டுவோர் பெருகியிருக்கின்றனர். அவரைக் குருவோடு ஒப்பிடுவது மிகைதான். ஆயினும் நல்ல பயிற்சியாளரும் விடை சொல்வதில்லை, வினவுகிறார். "வேலையை விட்டுவிடலாமா?" என்றால், "விட்டபின் ஆறு மாதம் எதைக்கொண்டு வாழ்வீர்கள்?" என்பார். வரும் வாரத்துக்குள் செய்யவேண்டியதை நம் வாயாலேயே சொல்லச் செய்து, பிறகு அதற்குக் கணக்கும் கேட்பார். மனம்விட்டுப் பேச மூத்தவர் அருகிலில்லாத அயல் மாநிலத்தில் இது சிறிய உதவியன்று.

ஆனால், இத்தொழிலுக்கு நம் நாட்டில் அரசின் உரிமம் தேவையில்லை; எவரும் பலகை மாட்டலாம். பெருந்தொகையை முன்பணமாகக் கேட்பவரை விட்டு விலகுவதே நலம். உறக்கம் கெட்டு, உயிர்மேலேயே வெறுப்புத் தோன்றினால், நாடவேண்டியவர் மருத்துவர். 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.