பழைய கணினியும் சிறிய பணப்பையும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றில் எறியும் பொருளையே அளந்து எறிய வேண்டுமென்றால், பாடுபட்டுச் சேர்த்த பணத்தை ஒரு யந்திரத்தின்மீது செலவிடும்போது எவ்வளவு அளந்து பார்க்க வேண்டும்! கணினியில் விளையாடும் மாணவர்கள் பலர் இந்த அறிவுரையை மறந்துவிடுகிறார்கள். விளையாட்டு தயங்கித் தயங்கி ஓடினால் உடனே கடைக்குப் புறப்படுகிறார்கள். எந்த உறுப்பு தளர்ந்தது என்பதை அறியாமலே, விலை மிகுந்த உறுப்பு எதுவோ அதை வாங்கி வருகிறார்கள். பழைய கணினி ஒன்றைக் குறைந்த செலவில் சீர்திருத்துவது எப்படி என்பதைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் என் பேரன் என் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் முதலாண்டை முடித்தவன். அவனுடைய மாமன் 2018-இல் வாங்கி உபயோகித்த கணினி கைமாறி அவனிடம் வந்திருந்தது. அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். "தாத்தா, கடைக்காரர் புதுக் கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறார். இருக்கிற பணம் முழுவதும் அதற்குத்தான் சரியாக இருக்கும்" என்றான்.

விளையாட்டுக்கா இத்தனை பணம் என்ற சொல் என் நாவின் நுனிவரை வந்தது. ஆனால் அது அவன் உழைத்துச் சேர்த்த பணம். ஆகவே அதை விழுங்கிவிட்டு, வகுப்பறையில் பல்லாண்டு கேட்டுப் பழகிய கேள்வி ஒன்றையே கேட்டேன். "குறை அந்தக் கார்டில்தான் இருக்கிறது என்பதை எப்படி அறிந்தாய்?" அவனிடம் விடை இல்லை. என்னிடமும் இல்லை. இருவரும் சேர்ந்து விடை தேடத் தொடங்கினோம்.

திரையில் ஓடும் விளையாட்டு உண்மையில் அசையாப் படங்களின் வரிசையேயாகும். ஒரு வினாடிக்கு 60 படங்கள் வந்தால் கண்ணுக்கு ஓட்டம் சீராகத் தோன்றும். 30-க்கு அருகே குறைந்தால் தடுமாற்றம் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் இருவர் உழைக்கிறார்கள். பிராசசர் எனப்படும் செயலி, யார் எங்கே நிற்கிறார், பந்து எத்திசையில் செல்கிறது என்பனவற்றையெல்லாம் கணக்கிடுகிறது. கிராபிக்ஸ் கார்டு அக்கணக்கைக் கொண்டு படத்தைத் தீட்டுகிறது.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். சமையற்காரர் ஒருவர், பரிமாறுகிறவர் ஒருவர். சமையல் தாமதப்பட்டால், பரிமாற இன்னும் நான்கு பேரை நிறுத்துவதால் பயன் உண்டோ? அவ்வாறே, ஒரு படத்துக்குச் செயலி ஒரு வினாடியின் ஆயிரத்தில் 26 பங்கு நேரத்தையும், கார்டு 14 பங்கு நேரத்தையும் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 38 படங்களே வரும். கார்டை மாற்றி 14-ஐ 7 ஆகக் குறைத்தாலும் அதே 38-தான் வரும். பணம் போனதே மிச்சமாகும்.

அப்படியானால் தாமதம் யாருடையது என்று அறிவதெப்படி? அதற்குக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. திரையில் 1920-க்கு 1080 என்ற அளவில் விளையாடும்போது ஒவ்வொரு படத்திலும் 20,73,600 புள்ளிகளைக் கார்டு தீட்ட வேண்டும். அந்த அளவை 1280-க்கு 720 எனக் குறைத்தால் புள்ளிகள் 9,21,600 ஆகிவிடும். கார்டின் சுமை பாதிக்கும் கீழே இறங்குகிறது. செயலியின் சுமையோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. இப்போது படங்களின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தால் தாமதம் கார்டினுடையது. உயராவிட்டால் பெரும்பாலும் செயலியினுடையது.

பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியபின் அளந்து எழுதுவது என்பது எங்கள் ஒப்பந்தம். ஒரே விளையாட்டின் ஒரே கட்டத்தில் அளந்தபோது முதலில் கிடைத்த எண் 34.

முதல் வேலை தூசி தட்டுவது. செயலி அளவுக்கு மீறிச் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆறு ஆண்டுத் தூசியை மென்மையான தூரிகையால் அகற்றினோம். விசிறிகளை விரலால் பிடித்து நிறுத்திக்கொண்டே துடைத்தோம். உலர்ந்துபோயிருந்த வெப்பப் பசையை வழித்துப் புதிதாகப் பூசினோம். 250 ரூபாய்ப் பசைக்குக் கிடைத்த பலன், 34 என்பது 38 ஆயிற்று. அடுத்து நான் கூறிய சோதனையைச் செய்தோம். புள்ளிகளைக் குறைத்தபோது 38 என்பது 40 ஆயிற்று, அவ்வளவே. கார்டு குற்றமற்றது என்று தெரிந்தது. கடைக்காரர் சொன்னபடி செய்திருந்தால் 15,000 ரூபாயும் வீணாகியிருக்கும்.

இரண்டாவது, ராம் எனப்படும் நினைவகம். அந்தக் கணினியில் 8 ஜி.பி. அளவுள்ள ஒரே பட்டை இருந்தது. அதற்கு இணையான மற்றொரு பட்டையைப் பொருத்தினால், கொள்ளளவு 16 ஆவதோடு, இரு வழிகளில் தரவு ஓடத் தொடங்கும். ஒரு வாய்க்காலுக்கு இரண்டு வாய்க்கால் என்று கொள்ளலாம். 1,700 ரூபாய் செலவில் எண் 44 ஆயிற்று.

மூன்றாவது, சேமிப்பகம். பழைய ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வது. வேண்டிய இடம் ஊசியின்கீழ் வரச் சராசரி அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது ஒரு வினாடியின் ஆயிரத்தில் 4 பங்குக்குச் சற்று மிகுதி. ஊசி நகரும் நேரம் வேறு. சுழலும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி.க்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. 3,300 ரூபாய்க்கு அதை வாங்கினோம். படங்களின் எண்ணிக்கை 44-லேயே நின்றது. ஆனால் விளையாட்டு திறக்கும் நேரம் 70 வினாடியிலிருந்து 20 வினாடியாகக் குறைந்தது. எந்த உறுப்பு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அந்த நோட்டுப் புத்தகமே காட்டிற்று.

நான்காவது, செயலி. இங்கே எச்சரிக்கை மிகவும் தேவை. எல்லாச் செயலியும் எல்லாத் தாய்ப்பலகையிலும் பொருந்தாது. குழிகளின் எண்ணிக்கை ஒத்திருந்தாலும் போதாது. 2017-இல் வெளிவந்த இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலிகள், முந்திய தலைமுறைக்குரிய அதே 1151 தொடர்புகள் கொண்ட பலகைகளில் இயங்கவில்லை. இதற்கு மாறாக, ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 பொருத்துமிடம் நெடுநாள் நீடித்தது. 2017-ஆம் ஆண்டுப் பலகைகள் பலவற்றில், 2020 முதல் வந்த ரைசன் 5000 வரிசைச் செயலிகளும் இயங்கலாம் என்று 2022-இல் அந்நிறுவனம் வழிதிறந்தது. எங்கள் பலகை அவ்வகையைச் சேர்ந்தது. அதை உற்பத்தி செய்தவர்கள் வெளியிட்டிருந்த பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே ரைசன் 5 5500 என்ற செயலியை 8,400 ரூபாய்க்கு வாங்கினோம். பழைய செயலி இருக்கும்போதே பயாஸ் எனும் அடிப்படை நிரலைப் புதுப்பித்துக்கொண்டோம். அந்த வேளையில் மின்சாரம் நின்றால் பலகையே பழுதாகலாம், ஆகவே யு.பி.எஸ். துணையோடுதான் செய்தோம்.

இப்போது எண் 63. மறுபடியும் புள்ளிகளைக் குறைத்துப் பார்த்தோம். இம்முறை எண் விரைந்து உயர்ந்தது. அதன் பொருள் என்ன? குறுகிய வழி செயலியிலிருந்து கார்டுக்கு இடம் மாறிவிட்டது. ஒன்றை அகலப்படுத்தினால் அடுத்தது குறுகலாகத் தோன்றும். இதற்கு முடிவே இல்லை.

"அப்படியானால் இனிக் கார்டை மாற்றலாமா, தாத்தா?" என்று அவன் கேட்பான் என எதிர்பார்த்தேன். அவனோ திரையின் பின்புறத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். அந்தத் திரை வினாடிக்கு 60 படங்களையே காட்டக்கூடியது. "இதற்கு மேல் வந்தாலும் என் கண்ணுக்கு எட்டாது, போதும்" என்று கூறி நோட்டுப் புத்தகத்தை மூடினான். ஆக மொத்தம் 13,650 ரூபாய். கையில் 1,350 ரூபாய் மீதி. எங்கே தொடங்குவது என்பதை நான் கற்பித்திருக்கலாம். எங்கே நிறுத்துவது என்பதை அவன் தானாகவே கண்டுகொண்டான்.

வேறொரு நன்மையும் பின்னர் விளைந்தது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. 2017-ஆம் ஆண்டுச் செயலிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்கு உரிய பட்டியலில் இல்லை. செயலியை மாற்றியதால் அவன் கணினி அந்தத் தடையையும் கடந்தது.

நான் சொன்ன விலைகள் 2024-க்கு உரியவை. 2025-இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. எனவே விலையை மனப்பாடம் செய்ய வேண்டாம்; முறையை மனத்தில் கொள்ளுங்கள். சிக்கனம் கூடாத இடம் ஒன்று உண்டு. அது பவர் சப்ளை. தரமற்ற மலிவுச் சரக்கு கெட்டால் மற்ற உறுப்புகளையும் கெடுத்துவிடக்கூடும். அதன் பெட்டியை ஒருபோதும் திறவாதீர்கள். மின்தொடர்பை நீக்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

மாணவர்களே! அடுத்த முறை உங்கள் கணினி தயங்கினால், பணப்பையைத் திறக்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வையுங்கள். அளந்து பாருங்கள், ஒன்றை மாற்றுங்கள், மீண்டும் அளந்து பாருங்கள். போதுமான அளவு வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஆய்வுக்கூடத்தில் கற்கும் பாடம் வீட்டுக்கு வந்து பணத்தைக் காப்பது இவ்வாறுதான்.